இடது காலைக் காட்டாத கலியனுக்கு

என் மாப்ளே கலியா, எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் உனக்கு இரண்டு காலும் திரும்பக் கிடைத்ததா?

உன் மேல் பிராது கட்டத்தான் இன்றைக்குக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வந்தேன். ஆடு திருடியவன், சொன்ன சொல் மீறியவன் என்று எல்லார் மேலும் சாமிக்கு எழுதிக் கட்டுகிற இடம்தானே இது. எழுதிக் கொடுக்கிறவர் உன் பேரையும் ஊரையும் கேட்டார். "ஆளு இப்ப எங்க இருக்காரு?" என்றார்.

"செத்துட்டான்."

பேனாவை மூடிவிட்டார். "செத்தவரு மேல பிராது ஏதுங்க? சொல்ல வேண்டியத அவருக்கே சொல்லுங்க, எழுதுறேன்." நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி செல்லம்மாவும் சாமி கும்பிட வந்திருக்கிறாள். அதோ மரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உன் கருமாதிக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில்கூட வேறு சீட்டு.

எங்கே விட்டேன்? இன்னும் தொடங்கவே இல்லையே. சூளையிலிருந்து தொடங்குகிறேன். பீங்கான் கம்பெனியில் சூளைக் கதவைத் திறந்ததும் கோப்பையும் சாசரும் எடுக்க உள்ளே போவோமே, தரை கொதிக்கும். நாங்கள் எல்லாம் தவளை மாதிரி குதிப்போம். நீ மட்டும் வெறுங்காலோடு நின்று நிதானமாக எடுத்துக் கொடுப்பாய். "கலியன் காலு கல்லுடா" என்பார் மேஸ்திரி. நானும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். சூடு தெரியாத காலை வீரம் என்று நினைத்தோமே, நம்மைப்போல முட்டாள்கள் உண்டா?

வலது அடிப்பாதத்தில் குழி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் மூத்திரத்தைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார்கள். நீல மருந்து செங்கல் நிறமானது. சர்க்கரை. ஆறு மாதம் கட்டுப் போட்டு, புண் மூடியது. நீ சிரித்தாய். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஆறிடுச்சின்னு நம்பிடாதீங்க. வலி தெரியாத காலு, மறுபடி வரும். தெனமும் யாராச்சும் பாதத்தப் பாக்கணும்."

செல்லம்மாவுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். நான் பார்க்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து தினமும் கம்பெனி எதிரே டீக்கடையில் நீ காலைத் தூக்குவாய், நான் குனிந்து பார்ப்பேன். "இது டீக்கடையா, மாட்டாஸ்பத்திரியா? குளம்பு பாக்குறதுன்னா வெளியில போங்கய்யா" என்பார் கடைக்காரர். நீதான் முதலில் சிரிப்பாய்.

நீ தூக்கியது எப்போதும் வலது கால். ஆறின கால். இடது காலில் கணுக்கால் வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். உன்னைத்தான் கோப்பைக்கு வைக்கோல் சுற்றிக் கட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்களே, உன் காலில் களிமண் எப்படி வரும்? அதை நான் கேட்கவில்லை. அது என் தப்பு. மிச்சமெல்லாம் உன் தப்பு.

காய்ச்சலில் நீ சுருண்டு விழுந்த அன்றைக்குத்தான் அந்த மண்ணைக் கழுவினேன். உள்ளே கட்டைவிரல் போகிற குழி. உடைந்த கோப்பைச் சில்லு ஒன்றும் இருந்தது.

"எத்தினி நாளாடா?"

"ஒரு மாசமா."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா வூட்ல உக்கார வச்சிடுவ மச்சான்."

காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். செல்லம்மா வந்து அழுதபோது, "திடீர்னு வந்துட்டுது" என்றாய். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் நீ போய்விட்டாய். கருமாதி அன்றைக்கு, "தெனமும் பாத்தியே அண்ணே, எதப் பாத்த?" என்றாள் செல்லம்மா. அதுதான் அவள் கடைசியாக என்னிடம் பேசியது.

என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டுப் போனாயே கலியா. வேறு யாரிடமாவது மறைத்திருந்தால் பொறுத்திருப்பேன். குனிந்து உன் பாதத்தைப் பார்த்தவனிடமா?

ஒரு வாக்கு தருகிறேன். நீ ஒரு மாதம் மறைத்ததை அவளிடம் சொல்ல மாட்டேன். புருஷன் ஏமாற்றினான் என்று தெரிவதைவிட, அண்ணன் சரியாகப் பார்க்கவில்லை என்றே அவள் நினைக்கட்டும். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. சாகிற அன்றைக்காவது நீ அவளிடம் உள்ளதை...

"அண்ணே! பஸ்ஸு வந்துட்டுது. எம்மாம் நேரம்? வா."

கலியா, கூப்பிடுகிறாள். அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நான் போய்...

உன் மச்சான்,
ராமசாமி (கைநாட்டு)