கண்டல் காட்டுக்கு இரண்டு சாட்சிகள்

நடபுவா, லௌட்டோகா
12 நவம்பர் 2006

அன்புள்ள கன்னையா,

நலம்தானே? கம்லாவின் முழங்கால் வலி எப்படி? நீ போன பிறகு எனக்குத் தமிழில் எழுத வேறு ஆளில்லை. என் மகள் தீப்திகாவுக்கு இந்திதான் வரும்.

நாடி ஊர்க் கடலோரத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கி நாம் ஆராய்ந்தோமே, அந்தக் கண்டல் காட்டை மண் கொட்டி நிரப்பி ஹோட்டல் கட்டப்போகிறார்கள். இதுவரை மூன்று அரசாங்கங்களிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் டீ கொடுத்து, "தேர்தல் முடியட்டும் மாஸ்டர்" என்றார்கள். இப்போதைய அமைச்சர் டிசம்பரில் விசாரணை வைப்பதாகச் சொல்கிறார். அந்தக் காட்டை முழுதாக அறிந்தவர்கள் நாம் இருவர்தான். ஒருமுறை வந்து சாட்சி சொல். நான் மட்டும் பேசினால் கிழவனின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள்.

உன் அப்பல்சாமி

பிரிஸ்பேன்
27 நவம்பர் 2006

அன்பு அப்பல்சாமி,

கம்லா மெல்ல நடக்கிறாள். உன்னை விசாரித்தாள்.

வரமாட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது என் வீட்டுக் கதவை உடைத்தவர்கள், "உங்க நாட்டுக்குப் போங்க" என்றார்கள். நான் அந்தத் தீவிலேயே பிறந்தவன். அந்தக் கரையின் மரங்களுக்காக நான் ஏன் விமானம் ஏற வேண்டும்? பேசாமல் நீயும் இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

என்றும் அன்புடன்,
கன்னையா

நடபுவா
20 டிசம்பர் 2006

அன்புள்ள கன்னையா,

ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி உனக்கும் வந்திருக்கும். அமைச்சர் போனார், விசாரணையும் போயிற்று. பக்கத்து வீட்டு சதேந்திரா குடும்பத்தோடு ஆக்லாந்து கிளம்புகிறான். தீப்திகாவும் அங்கே குடியேற மனுப் போட்டிருக்கிறாள்.

சுவாவுக்கு பஸ் ஏறிப் போய்ப் புதிய அதிகாரியைப் பார்த்தேன். "காடு பெருசா, நாடு பெருசா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருந்தது. கேட்க அவன் நிற்கவில்லை.

உன் அப்பல்சாமி

பிரிஸ்பேன்
3 மார்ச் 2007

அன்பு அப்பல்சாமி,

வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டல் கம்பெனி என்னைத்தான் நிபுணராகக் கேட்டது. ஒப்புக்கொண்டு, அறிக்கையும் கொடுத்துவிட்டேன்.

எப்படியும் அழிக்கத்தான் போகிறார்கள். நான் மறுத்தால் சேற்றில் கால் வைக்காத எவனாவது கையெழுத்துப் போடுவான். ஓரமாக ஒரு வரிசை மரங்களையாவது விடச் சொல்லியிருக்கிறேன். திட்டு, அப்பல்சாமி. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கன்னையா

நடபுவா
16 ஏப்ரல் 2007

திரு. கன்னையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நேற்று மண் லாரிகள் வந்தன. நீங்கள் விடச் சொன்ன வரிசை நிற்கிறது. கடல்நீர் ஏறிவரும் ஓடையை மூடிவிட்டார்கள். இனி அந்த வேர்கள் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நண்டு பிடிக்கும் லிட்டியா வெறும் கூடையோடு வந்து என் அருகில் நின்றாள். "யாரோ பெரிய விஞ்ஞானியாம் மாஸ்டர், பரவாயில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாராம். அவரு இந்தக் கரையைப் பாத்திருக்காரா?" என்று கேட்டாள்.

லாரிக்கு வழிவிட்டு அவளை ஓரமாக அழைத்துப் போனேன். பிறகு, "பாத்ததே இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.

அப்பல்சாமி