எண்ணூரில் எனக்கு உள்ள பங்கு

என் வீட்டில் என்னைவிடப் பிரியமாக நினைக்கப்படும் சவரிமுத்துவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. கூடத்துப் படத்தில் உன் மீசை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. எனக்கு நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். பிலோமி மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கி வைத்துவிட்டாள். உன் கல்லறைக்கு நேற்றே நான் வெள்ளையடித்தாயிற்று. எங்கள் வீட்டுச் சுவருக்கு இந்த வருஷமும் அடிக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று சொல்ல வேண்டும். நீயும் நானும் ராயபுரத்தில் ஒரே தெரு. நீ துறைமுகத்தில் வேலை பார்த்தாய். நான் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். உனக்கும் பிலோமினாவுக்கும் கோயிலில் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக உன் பக்கத்தில் நின்றேன். காமாலை உன்னைக் கொண்டுபோய்ச் சில வருஷம் கழித்து, அதே கோயிலில், அதே பீடத்துக்கு முன்னால், சற்றே தள்ளி, மாப்பிள்ளை இடத்தில் நின்றேன். பிலோமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். சட்டைக்குப் பொத்தான் அறுந்தால் மறுநாள் தைத்திருக்கும். இதில் என்ன குறை என்று நீ கேட்பாய். குறை இலக்கணத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அவரு' என்பார்கள். ஒரு புருஷன் உள்ள வீட்டில் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். இரண்டு பேர் ஆகிவிட்டால்? நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் 'இவரு'. அச்சகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டால் நானும் 'அவரு'. நீயோ எந்நேரமும் 'அவரு'. கல்யாணமான புதிதில், கருவாடு விற்க வரும் அம்மாவிடம் பிலோமி ஏதோ நினைப்பில், "அவருக்குக் கருவாடு இல்லாங்காட்டி சோறு எறங்காது" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா தெருவுக்குப் புதுசு. அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே 'அவரு' நான்தான். வாராவாரம் நல்ல சரக்காகப் பார்த்து எனக்கென்று எடுத்து வைத்தார். எனக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. ஒருநாள் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"இன்னா நைனா, துன்னமாட்டியா?" என்றார் அந்த அம்மா. "அப்பறம் யாருக்கோசரம் நான் மார்க்கெட்டெல்லாம் பொறுக்கிகினு வந்தேன்?"

உனக்காகத்தான், சவரி. நீ தின்னவேண்டியதை நான் தின்றேன்.

கருவாட்டை விட்டுவிடலாம். எண்ணூரை விட முடியவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் நம் தெருவே எங்காவது வெளியே போகும். ஒரு கூட்டம் மகாபலிபுரத்துக்கு, ஒரு கூட்டம் மிருகக்காட்சி சாலைக்கு. பிலோமியை எங்கே போகலாம் என்று கேட்டால் எண்ணூர் என்பாள். மறு வருஷம் கேட்டாலும் எண்ணூர். போன வருஷம்வரை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். காரணம் உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டணத்துத் துரைமார்கள் கோடைக்கு அங்கே போய்க் காற்று வாங்கினார்கள், பங்களா கட்டினார்கள், கழிமுகத்தில் படகு விட்டார்கள், மீன் விருந்து சாப்பிட்டார்கள். பிறகு அவர்களுக்கு மலைக்காற்று பிடித்துப்போய் எண்ணூரைக் கைவிட்டார்கள். மிச்சமிருந்தது நாலைந்து குட்டிச்சுவரும் சவுக்கும் மணலும்தான். அந்தக் குட்டிச்சுவர்களை வைத்துக்கொண்டு நீ அவளுக்கு ஒரு பெரிய ஊரையே காட்டியிருக்கிறாய். இது துரைகள் டான்ஸ் ஆடிய மண்டபம். இது துரைசானி மோதிரத்தைப் போட்டுவிட்டு அழுத கிணறு. இது குதிரைகளுக்குக் கடல் காற்று பிடிக்கும் என்பதற்காகக் கட்டிய லாயம்.

நான் படித்தவன். உன்னோடு மோத எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நூலகத்தில் உட்கார்ந்து எண்ணூரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். உன் டான்ஸ் மண்டபம் உப்பு இலாகா கட்டிய கொட்டகை. உன் கிணற்றில் எந்தத் துரைசானியும் எதையும் போட்டதாக ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் பக்கத்தைத் திருத்துகிறவனின் சந்தோஷத்தோடு இந்த ஈஸ்டருக்குப் புளிச்சோற்றையும் எறாத் தொக்கையும் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் ஏறினேன்.

கொட்டகைக்கு முன்னால் அவள் நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைத்தான் அணைக்கப் போகிறேன் என்று தெரிந்தும் எனக்குக் கூச்சமாக இல்லை.

"இந்தாண்ட துரைங்க நிப்பாங்களாம், அந்தாண்ட துரைசானிங்க," என்றாள். "நடுவுல பேண்டு வாசிப்பாங்களாம். அவரு சொன்னாரு."

"இது உப்புக் கொட்டகை, பிலோமி."

"ஆமா, உப்புக் கொட்டாய்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"சுவத்துல உப்புன்னு எழுதிகீதே, எனக்கு இன்னா படிக்கத் தெரியாதா?"

"பின்னே அவன் சொன்னதெல்லாம்?"

"பீலா வுட்டாரு. நானும் கேட்டுகினு இருந்தேன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "உப்புக் கொட்டாயப் பாக்க யாராச்சும் ராயபுரத்துலேருந்து ரயிலேறி வருவாங்களா?"

அந்த இடத்தில் நான் தோற்றேன். பெண் நம்பிவிட்ட பொய்யை உடைக்கலாம். பொய் என்று தெரிந்தே பத்திரமாக வைத்துக்கொண்டதை எப்படி உடைப்பது? நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆதாரங்களை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, துரைசானி எந்தப் பக்கம் நின்று அழுதாள் என்று அந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடி அதோடு நிற்கவில்லை. கழிமுகத்தில் படகு விடும் மாணிக்கத்தை உனக்கு நினைவிருக்கும். உன்னை அவர் மறக்கவில்லை.

"இன்னாம்மே, எங்க அந்தத் தொறமொகத்துக்காரு? ஆளையே காணோமே?" என்றார்.

"அவரு பூட்டாரு, நைனா. காமாலை."

மாணிக்கம் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் போனால் எனக்காக ஒருவர் அப்படித் துண்டை அவிழ்ப்பாரா என்று யோசித்தேன். செத்தவனிடம்கூட அந்தக் கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு.

"இவரு யாரு?" என்றார் பிறகு.

"இவரு..." என்று ஆரம்பித்தாள் பிலோமி. கடலைப் பார்த்தாள். "அவரோட தோஸ்து."

படகு நகர்ந்தது. நான் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறீங்க?"

"ஒன்றுமில்லை."

"தோஸ்துதானே? நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

பிழை திருத்துவதில் எனக்கு இத்தனை வருஷ அனுபவம். அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. தோஸ்துதான். உனக்கு நான், எனக்கு நீ. அது எத்தனை பெரிய தொல்லை என்று முன்பு தெரியாது. வேறு எவனோ அவளுடைய முதல் புருஷனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். உன்னை வெறுக்க ஆரம்பித்தால், நீ தெருமுனையில் நின்று "மாமு, வர்றியா இல்லியா?" என்று கூப்பிட்ட குரல் குறுக்கே வந்துவிடுகிறது. வெறுப்பு பாதியில் நின்றுபோய் வெறும் பொறாமைதான் கையில் மிஞ்சுகிறது.

அப்போது பிலோமி கையை நீட்டி, "அது இன்னா?" என்றாள்.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புகைபோக்கி. நீ பார்க்காதது. நீ போன பிறகு எழும்பியது. தென்னை மரங்களைக் கீழே விட்டுவிட்டு எங்கேயோ மேலே போய், வானத்தில் புகையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. எண்ணூரில் உன் வாய் படாத ஒரு பொருள்! எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நிலக்கரி, கொதிகலன், நீராவி, மின்சாரம் என்று ஆரம்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

"ஏங்க, அதெல்லாம் இஸ்கூல் பாடம்," என்றாள். "சும்மா ஒரு பீலா வுடுங்களேன், பாக்கலாம்."

சவரி, உனக்குத் தெரியும், எனக்குப் பொய் சொல்ல வராது. அரசாங்க அறிவிப்பு படிக்கும் குரல்தான் வரும். அந்தக் குரலிலேயே சொன்னேன்.

"அது மேகம் செய்கிற இடம். பட்டணத்தில் மழை குறைந்துவிட்டதால் அரசே மேகம் தயாரிக்க முடிவு செய்திருக்கிறது. இப்போதைக்கு வெள்ளை மேகத்துக்கு மட்டும்தான் அனுமதி. கறுப்பு மேகத்துக்கான ஃபைல் கோட்டையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதனால்தான் மழை வரவில்லை."

மாணிக்கம் துடுப்பை நிறுத்திவிட்டார். "மெய்யாலுமா?"

"மேஜை மேல் வைத்தாயிற்று. அதிகாரி லீவில் போயிருக்கிறார்."

"அப்டியே எங்க குப்பத்தாண்ட ஒரு வெள்ளைய தள்ளி வுடச் சொல்லு நைனா, வெயிலு பேஜாரு பண்ணுது."

"மனு கொடுக்க வேண்டும். மூன்று பிரதி."

பிலோமி சிரிக்க ஆரம்பித்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ், போதும்யா! நைனா நெசமாவே மனு எழுதிகினு வந்துடப் போறாரு!"

யோவ். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு 'நீங்க', 'வாங்க', 'சாப்டுங்க'தான். ஒரு வங்கி மேலாளரை நடத்துகிற மாதிரி என்னை நடத்தியவள். உன்னை அவள் தெருவே கேட்கும்படி யோவ் என்று அழைத்தது என் காதில் விழுந்து கொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் எறாத் தொக்கு என்ன ருசி, மணலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். திரும்பும் ரயிலில் அவள் பக்கத்தில் தண்டையார்பேட்டைக்குப் போகும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பிலோமி ஜன்னல் வழியே அவளுக்குக் காட்டினாள்.

"அதோ தெரியுதே, அங்கதான் மேகம் பண்றாங்களாம்."

"ஆரும்மா சொன்னது?"

"அவரு."

நான் எதிர் பலகையில், முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருக்கிறேன். 'இவரு' என்று கை நீட்ட வேண்டிய தூரம். அவள் ஜன்னலைப் பார்த்தபடி 'அவரு' என்கிறாள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய். அதுவும் உன் கணக்கில் ஏறிவிட்டதா? இல்லை, நானும் ஒருவழியாக, எதிரில் இருக்கும்போதே நினைத்துக்கொள்ளப்படுகிற ஆளாகிவிட்டேனா? அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயத்தில் கேட்கவில்லை. ஆறு மாதமாகக் கேட்கவில்லை. நாளை உன் கல்லறையில் நின்று உதடு அசைய உன்னிடம் ஏதோ சொல்வாள். அதையும் கேட்க மாட்டேன்.

ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வருவோம். ஒரே சொத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? உப்புக் கொட்டகை உனக்கு. கிணறும் அதிலுள்ள மோதிரமும் உனக்கு. குதிரை லாயமும் அதைச் சுற்றியுள்ள சவுக்கும் உனக்கே. கழிமுகத்துத் தண்ணீரும் மாணிக்கத்தின் படகும் பொது. புகைபோக்கியும், அதற்கு மேலே எவ்வளவு உயரம் போனாலும் அந்தப் புகையும் எனக்கு. அந்தப் புகை நாளுக்கு நாள் பெருத்து வருகிறது. காற்று வாங்க இனி யாரும் அங்கே வரமாட்டார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு வந்த பங்கு அது.

அடுத்த ஈஸ்டருக்கு மறுநாள் அவளை அழைத்துப் போவேன். கொட்டகைக்கு முன்னால் அவள் நின்று என் முகத்தைப் பார்க்கும்போது, பேண்டு எந்தப் பாட்டு வாசித்தது என்று நானே கேட்பேன். உன் பக்கத்தில் ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். இது சத்தியம். நீயும் என் புகைபோக்கிப் பக்கம் வராதே.

தோழன் என்று கையெழுத்துப் போட்டால் போதவில்லை. அவளுடைய முதல் புருஷனுக்கு இரண்டாவது புருஷன் என்ன முறை என்று நம் பாஷையில் ஒரு சொல்லும் தேடிக் கிடைக்கவில்லை. இருப்பதில் பொருந்துவதைப் போடுகிறேன்.

உன் பங்காளி,
சூசை