மும்தாஜின் மிஸ்டு கால்

12.11.2025, புதன்

மும்தாஜிடமிருந்து இன்னும் மிஸ்டு கால் வரவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பழக்கமானவள், லப்பைக்குடிக்காட்டுக்காரி. ராத்திரி மாத்திரை போட்டதும் ஒருவருக்கொருவர் ஒரு ரிங் விடுவோம். எடுக்கக் கூடாது. எடுத்தால் வீட்டில் கேள்வி வரும்.

காலையில் பேசியபோது, "இப்பல்லாம் நல்லா தூக்கம் வருதுக்கா. இனிமே மாத்திரை எதுக்கு?" என்றாள்.

"டாக்டரைக் கேக்காம நிறுத்திப்புடாத."

"சரிக்கா," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொல்கிறவள் இல்லை. நாள் முழுக்க அதுவே மண்டையைக் குடைகிறது. நானே கூப்பிடலாம் என்றால் அவள் பக்கத்தில் மாமியார் படுத்திருப்பார்.

இதை எழுதும்போதே போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. எடுத்தேன்.

"ஏன்க்கா, இன்னும் மாத்திரை போடலையா? உங்க ரிங்கையே காணோமே," என்று கிசுகிசுத்தாள்.

என் மாத்திரை தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவளை நினைத்து என்னுடையதை மறந்திருக்கிறேன்.

"வா, ரெண்டு பேரும் இப்பவே போட்டுருவோம்."

நான் விழுங்கினேன். அந்தப் பக்கம் அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. தண்ணீர் குடித்த சத்தம் மட்டும்தான்; மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்கவே இல்லை.