ஷெக்கியின் தலையில் பூமுடி

இன்ஸ்ப்ரூக்
ஜூன் 28

அன்புள்ள புர்கி அக்காவுக்கு,

காசியன் எழுதுவது. நலம்தானே? ரொட்டிப் பெட்டியோடு இந்தக் கடிதத்தையும் சரக்கு ஏற்றும் கம்பிவடத்தில் மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன். மேய்ச்சலில் போன் எடுக்காதது உனக்கு வரம், எனக்குத் தண்டனை. வாரம் இரண்டு தடவை சுற்றுலா ஆட்களோடு உன் குடிசைக்கே வருகிறேன், ஆனாலும் உன்னிடம் இரண்டு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. எட்டுப் பேரில் ஒருவராவது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்.

என் பிழைப்பைக் கேட்டால் உனக்குச் சோறு இறங்காது. நேற்று ஒரு மகராசன் முன் சீட்டில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினான், அக்கா. வண்டி கணவாயில் ஏறுகிறது, எதிரே பனிமலை மொத்தமும் வெயிலில் நிற்கிறது, இவன் குனிந்தபடி வெட்டுகிறான். வெட்டியதை எல்லாம் நான் காப்பிக் குவளை வைக்கும் குழியில் போட்டான். பின் சீட்டில் ஒரு அம்மாள் வளைவுக்கு வளைவு வாந்தி. அதைக் கழுவிவிட்டு அதே கையால் ரொட்டி தின்கிறேன். ‘சின்னக் குழு, ஒரே நாளில் உண்மையான மலை வாழ்க்கை’ என்று விளம்பரம் போட்டவன் நான்தானே, அனுபவிக்கிறேன்.

இரண்டு உதவி. நாங்கள் பதினோரு மணிக்கு வரும்போது மாடுகள் குடிசைப் பக்கமே நிற்க வேண்டும். போன தடவை மாடே கண்ணில் படவில்லை, மணிச் சத்தம் மட்டும்தான். அப்புறம் மாடு பார்க்கிற அம்ப்ரோஸிடம் அந்த நீல மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் விட்டுவிட்டுத் தோல் அரைக்கால்சட்டை போடச் சொல்லு. ஒரு மணி நேரம்தான்.

உன் தம்பி,
காசியன்


லேர்ஷ் மேட்டு மேய்ச்சல்
ஜூலை 9

அன்புத் தம்பி காசியனுக்கு,

ரொட்டியும் கடிதமும் வந்தன. ரொட்டி கொஞ்சம் கல், கடிதம் கொஞ்சம் நாற்றம். அந்த நக விஷயத்தை ஏன்டா எழுதினாய்? தயிர் உறைய வைத்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கம் கேள். நீ போன வாரம் கூட்டிவந்தவர்களில் ஒருத்தி குழந்தையின் அழுக்குத் துணியை மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள். அது நாப்கின் என்று எனக்குக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. தொட்டியைச் சுரண்டிக் கழுவ மதியம் முழுக்கப் போயிற்று. இன்னொருவர் நம் சாம்பல் நிறப் புளிப்புப் பாலாடைக்கட்டியை வாயில் வைத்தார், முகம் கோணிற்று, உள்ளங்கையில் துப்பி என் சன்னல் பூச்சட்டியில் புதைத்தார். அதை நான் பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும். சிரித்தார். அம்ப்ரோஸ் எல்லோருக்கும் கை கொடுத்தார். கொடுத்த கையை எல்லோரும் வரிசையாகக் கிருமி மருந்து தடவித் துடைத்தார்கள், அவர் முன்னாலேயே. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தோல் கால்சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னது அப்படியே: “ஏன் புர்கி, உன் தம்பி மலையைக் காட்டக் கூட்டிட்டு வர்றானா, என் முழங்காலைக் காட்டவா? என் பொண்டாட்டி அஃப்ராவே அதைப் பாத்து நாலு வருஷம் ஆச்சு.” ஆனாலும் போட்டுக்கொண்டார். பதினோரு கோடையாக நம்மிடம் வேலை பார்க்கிறவர், நமக்காக எதையும் செய்கிறார், அதற்காக நாம் எதை வேண்டுமானாலும் கேட்டுவிடக் கூடாது.

மாடு விஷயம் நடக்காது. வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். காற்றுக்காக அவை மேல் விளிம்புக்கு ஏறிவிடும். பதினோரு மணிக்கு இறக்க வேண்டுமென்றால் யாராவது அந்தச் சரிவில் ஏறித் துரத்த வேண்டும். உனக்கும் தெரியும், நீயும் இங்கே வளர்ந்தவன்தான்.

வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். உன் ஆட்களுக்குக் கொடுக்காதே, நீ தின்னு.

புர்கி அக்கா


இன்ஸ்ப்ரூக்
ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்ணெய் அமிர்தம். தொட்டி விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், அந்த அம்மாளுக்குப் பதிலாக.

ஆனால் நீ என் நிலைமையையும் யோசி. போன வியாழக்கிழமை வந்த ஆள் ஊருக்குப் போய் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘மாடே இல்லாத மாட்டு மலை’ என்று எழுதிவிட்டான். அதைப் படித்துவிட்டு இரண்டு குழு ரத்து. இந்த வண்டியும் இந்தப் பேரும்தான் எனக்கு உள்ள சொத்து. மேய்ச்சல் உன் பேரில் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது, சொல்லு.

அதனால் நேற்று உனக்குத் தெரியாமல் அம்ப்ரோஸிடமே பேசிவிட்டேன். மழையோ பனிமூட்டமோ, பதினோரு மணிக்கு மாடு முற்றத்தில் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மனுஷன் தங்கம். “சரிப்பா, ஷெக்கியை இறக்கிட்டா மத்ததெல்லாம் பின்னாலயே வந்துடும்”னு சொல்லிட்டார். அந்த முன்மாட்டைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர்தானாமே. கோபப்படாதே.

உன் காசியன்


லேர்ஷ் மேட்டு மேய்ச்சல்
ஆகஸ்ட் 24

காசியனுக்கு,

அம்ப்ரோஸின் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். அவருடைய ரப்பர் பூட்ஸ் வாசலில் நிற்கிறது. அன்றைக்கு அவர் அதைப் போடவில்லை. உன் ஆட்கள் வருகிற நாள் என்று தோல் கால்சட்டையும் வழவழப்பான செருப்புமாக ஏறினார். கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். “இன்னிக்கு விட்டுடுங்க, அவங்க மூட்டத்தைப் பாத்துட்டுப் போகட்டும்” என்றேன். “காசியன்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன் புர்கி” என்றார். பதினோரு மணிக்கு ஷெக்கி முற்றத்துக்கு வந்துவிட்டது. அவர் வரவில்லை. உன் ஆட்கள் ஷெக்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஈரப் புல்லில் வழுக்கி ஓடைக்குள் கிடந்தார்.

அடக்கத்துக்கு நீ வந்தாய். பெட்டிக்குப் பின்னால் நடந்தாய். பந்தியில் சூப் வைக்கும் முன்னாலேயே கிளம்பிவிட்டாய், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. அஃப்ரா உனக்காக ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை. மூட்டத்தை நீ அனுப்பவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். இந்த வருஷம் கோடை முடிந்து மாடுகள் தலையில் பூமுடி இல்லாமல்தான் ஊருக்கு இறங்கும். பெரிய மணிகளும் கிடையாது. கோடை முழுக்க ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தால்தான் பூமுடி என்பது நம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேவாலய மதிலோரம் நிற்கிற சனம் முதல் மாட்டின் தலையைத்தான் பார்க்கும். வெறும் தலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றும். அம்ப்ரோஸுக்கு நாம் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

புர்கி அக்கா


இன்ஸ்ப்ரூக்
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கும் தூக்கம் இல்லை, நம்பினால் நம்பு.

ஆனால் பூமுடி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசி. வழக்கம் என்ன? வீட்டு ஆளுக்கோ மாட்டுக்கோ ஏதாவது ஆனால்தான் வெறும் தலை. அம்ப்ரோஸ் நம் வீட்டு ஆள் இல்லை. நல்ல மனுஷன், யார் இல்லை என்றது? ஆனால் கூலிக்கு வந்தவர். கூலியாளுக்காக வெறும் தலையோடு மாட்டை இறக்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாடு இறங்கும் நாளுக்கு வண்டியின் எட்டு இடமும் போன மார்ச்சிலேயே விற்றுப்போய்விட்டது. ‘பூமுடி சூடிய மாடுகளோடு நீங்களும் நடக்கலாம்’ என்று விளம்பரம் போட்டுவிட்டேன். காகித ரோஜா வைத்து ஊசியிலைக் கொத்தில் முடிகள் கட்டச் சொல்லியாயிற்று, அழகாக வந்திருக்கின்றன. நீ ஒரு தடவை பார்த்தால் மனசு மாறும்.

உன் தம்பி,
காசியன்


லேர்ஷ் மேட்டு மேய்ச்சல்
செப்டம்பர் 9

காசியனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். நிஜமாகவே எழுந்து போய்க் கழுவினேன்.

நான் காய்ச்சலில் புரண்டபோது மாடு முழுவதையும் தனி ஆளாகக் கறந்தவர் வீட்டு ஆள் இல்லை. நீ அப்பாவின் அடக்கத்துக்கு வழி தெரியாமல் குடித்துவிட்டு வந்தபோது உன்னைத் தோளில் தாங்கி நிறுத்தியவர் வீட்டு ஆள் இல்லை. உன் வண்டியில் நகம் வெட்டுகிறவனுக்குக் கொடுத்த வாக்கு பெரிசு. அப்படித்தானே?

மாடுகள் வெறும் தலையோடு இறங்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

புர்கி


இன்ஸ்ப்ரூக்
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சரி, உன் இஷ்டப்படியே. நான் எழுதியது தப்பு. முடிகளைக் கொட்டகையில் போட்டுவிட்டேன்.

ஆட்களிடம் பூ இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பாலத்தடியில் ஓரமாக நின்று மாடு போவதைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே ஊர் வரைக்கும் நடப்போம். ஒரு சத்தம் வராது. இதற்காவது சம்மதி.

உன் காசியன்


இன்ஸ்ப்ரூக்
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கதவைத் திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஊருக்கு இறங்கி வந்த பிறகும் கடிதம்தான் போட வேண்டியிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. வண்டியில் ஒரே ஒரு முடி கிடந்தது. ஆட்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன், எங்கள் ஊரில் இப்படி இருக்கும் என்று. பாலத்துக்குப் பக்கத்தில் ஷெக்கி முதலில் வந்தது. நீ மந்தையின் வால் பக்கம் நொண்டிக் கன்றோடு வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். ஒரு அம்மாள் கெஞ்சினாள், ஒரு நிமிஷம் தலையில் வைத்து ஒரு படம், அப்புறம் கழற்றிவிடலாம் என்று. வைத்தோம். வாரை இழுத்துக் கட்டியதும் ஷெக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. அவிழ்க்க அவிழ்க்க அது ஓடுகிறது, நான் என்ன செய்ய? ஒரே ஒரு மாடு. மற்றதெல்லாம் நீ சொன்னபடி வெறும் தலைதான்.

அஃப்ராவுக்கு ஒரு பெட்டி கேக் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கோடைக்கு எந்தெந்தக் கிழமை உனக்குத் தோது என்று எழுது, இப்போதே கேட்கிறார்கள்.

உன் தம்பி,
காசியன்


அஃப்ராவின் வீடு
செப்டம்பர் 27

காசியனுக்கு,

நீ எழுதியதில் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதியை நீ விட்டுவிட்டாய். நான் குறுக்கு வழியாக வந்து தேவாலய நீரூற்றுக்குப் பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ கவனிக்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறாய்.

மதிலோரம் ஊரே நின்றது. முதலில் ஷெக்கி வந்தது, தலையில் உன் காகித ரோஜா. தொப்பியைக் கழற்றக் கை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். போடுவதா எடுப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. அஃப்ரா கறுப்பு உடையில் முன்னால் வந்து ஷெக்கியின் கழுத்தைத் தடவினாள். பிறகு உன்னைப் பார்த்துக் கேட்டாள், கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்: “அப்போ இந்த வருஷம் மலையில யாருக்கும் ஒண்ணும் ஆகலையா காசியன்?”

அவளே வாரை அவிழ்த்து முடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். உன் ஆட்களில் ஒருத்தர் உன்னிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவருக்கு மட்டும் உனக்குப் பதில் வந்தது. “இது எங்க ஊர் வழக்கம். மாடு பத்திரமா இறங்கிட்டா வீட்டுக்காரி வந்து முடியை வாங்கிக்குவா. ரொம்பப் பழைய சடங்கு.”

எட்டுப் பேரும் கை தட்டினார்கள். ஒருத்தி ஓடிப்போய் அஃப்ராவின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அஃப்ரா முடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று தெரியாமல். நீ அவர்களோடு சேர்ந்து தட்டினாய், காசியன். இரண்டு தட்டு. நான் பார்த்தேன்.

தொட்டியில் கிடந்த அழுக்குத் துணியை நான் கையால் எடுத்துப் போட்டேன். வாந்தி, எச்சில், எதையும் கழுவிவிடலாம். இதை எதைப் போட்டுக் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கிழமை கேட்டிருக்கிறாய். எந்தக் கிழமையும் கிடையாது. உன் வண்டி மேட்டு வேலிக்கு உள்ளே வராது. மாடுகளை அஃப்ராவின் தொழுவத்தில் கட்டியிருக்கிறேன், குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். நீ அனுப்பிய பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

நேற்று அவள் கேட்டாள், “உன் தம்பி எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுவானா புர்கி? அது போதும் எனக்கு.” வருவான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே. நீ வந்து அவள் காலடியில் விழுந்து அழுதாலும், அதுவும் எங்கள் ஊர் வழக்கம் என்று வெளியே போய் யாருக்காவது சொல்லிவிடுவாய்.

புர்கி