ஓவன் இல்லாத அறை

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்கு இருமல் வந்துவிடுகிறது.

அச்சகத்தில் வேலை தலைக்கு மேல். உறைய வைத்த உணவு விற்கும் கம்பெனி ஒன்றின் அட்டைப்பெட்டிகள் வந்திருக்கின்றன. ரொட்டித்தூள் பூசிய சிக்கன் பாட்டீஸ். பெட்டியின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அங்கே ஒரு படமும், புரதம் நிறைந்தது என்ற கொட்டை எழுத்தும்தான். பிழை பார்க்க எனக்கு வருவது பின்பக்கம்: என்னென்ன சேர்த்தது, உப்பு எவ்வளவு, எப்படிச் சமைப்பது. பக்கத்து மேசை அக்கா மூலத்தை உரக்க வாசிப்பார், நான் அச்சில் விரலை ஓட்டுவேன். கமாவைக்கூட விடாமல் வாசிப்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். உப்பின் அளவு வந்ததும் ரேடியோ நின்றுவிட்டது. அடியே, இது கோழியா கருவாடா என்று கேட்டார். சிரித்தேன். உங்கள் ரத்த அழுத்தம் ஞாபகம் வந்தது. எனக்கு எதைப் பார்த்துத்தான் உங்கள் ஞாபகம் வராது.

கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினை.

நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வாலு தானே சமைக்கிறேன் என்று தீயைப் பெரிதாக வைத்து வாணலியில் போட்டுவிட்டாள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது பொன்னிறமாகத்தான் இருக்கும். பார்த்தால் வெந்தது போலத் தெரியும். உள்ளே கோழி பச்சை. அவள் பிய்த்துப் பார்த்தால் வெளியே கரி, நடுவே ஐஸ். பதினான்கு வயதில் அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. நான் கீழே இறங்கி வருவதற்குள் போன் ஸ்பீக்கரில் உங்களைப் பிடித்துவிட்டாள்.

நீங்கள் சொன்னதை நானும் வாசலில் நின்று கேட்டேன். ஐஸ் விடட்டும்னு வெளியே வைக்காதே, உறைஞ்சபடியே போடணும். ஓவனை முன்னாடியே சூடு பண்ணிடு. ஒண்ணோடொண்ணு ஒட்டாம அடுக்கு, பாதியிலே திருப்பு. எடுத்ததும் தட்டிலேயே விட்டுடாதே, அடிப்பக்கம் நமுத்துப் போயிடும். கம்பித் தட்டுல கொஞ்சம் ஆறட்டும். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, தண்ணீர் கொதித்ததா பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிய மனிதர் நீங்கள். அந்தக் கம்பித் தட்டு சமாச்சாரம் பெட்டியின் பின்பக்கத்தில்கூட இல்லை. அது யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொள்வது.

நம்ம வீட்ல ஏதுப்பா ஓவன், உங்க ரூம்ல இருக்கா என்று வாலு கேட்டாள். உங்களுக்கு இருமல் வந்தது. லைன் சரியில்லை என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஓர் ஓவனை இருமலில் மறைக்கப் பார்த்தீர்கள்.

வேலைக்குப் போன ஊரில் நீங்கள் தங்கும் அறையை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதுதான் தெரியும். நாலு பேருக்கு ஒரே அடுப்பு, அதையும் வீட்டுக்காரர் பூட்டிவிடுவார், சாப்பாடு வெளியே, அதனால் குழந்தையை இங்கே கூட்டி வராதே. நம்பினேன். மாத்திரை அனுப்ப வேண்டாம், இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது, பரீட்சை முடிந்ததும் வாலு மட்டும் வரட்டும், ஒரு நண்பர் குடும்பம் இருக்கிறது, அங்கே தங்கட்டும் என்கிறீர்கள். அந்த வீட்டில் ஓவன் இருக்கும், இல்லையா? கம்பித் தட்டும் இருக்கும்.

யார், எத்தனை நாளாக என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள்; அதையும் நம்பித் தொலைப்பேனோ என்று பயம்.

என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன். வாலுவின் விஷயம் வேறு. எங்க அப்பா சமையல் கத்துக்கிட்டாரு தெரியுமா என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறாள். பாவம்மா, தனியா கிடக்கறாரு, நான் போய்ச் செஞ்சு போடறேன் என்று என்னிடம் பாடம் கேட்கிறாள். தீயைச் சிறிதாக்கி, மூடி போட்டு, பொறுமையாகத் திருப்பிப் போட்டு, நடுவே பிய்த்தால் ஆவி பறக்கும்வரை வேகவிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒன்று போதும், பக்கத்தில் நிறையக் காய் வை என்றும் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போகும் பெட்டியில் அவள் முதலில் எடுத்து வைத்தது துணி இல்லை, நம் பழைய வாணலி. உங்கள் அறையில் நல்ல பாத்திரம் இருக்காதாம்.

அந்த வாணலியோடு அவள் இன்னொருத்தியின் சமையலறை வாசலில் போய் நிற்க வேண்டாம். நண்பர் வீடு என்று சொல்லி அவளை அங்கே சாப்பிட உட்கார வைக்காதீர்கள். அவள் எனக்குப் பிறந்தவள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டாள். டிக்கெட் எடுப்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால், இருமாமல். கேட்ட பிறகும் வருகிறேன் என்றால் நானே வண்டியேற்றி விடுகிறேன். வரமாட்டேன் என்றால் கெஞ்சாதீர்கள். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அவள் கோபம் என் மேல் திரும்பும். எனக்கு மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

இன்னொன்று. அங்கே உங்களுக்குச் சமைப்பவரிடம் உங்கள் ரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் யாரிடம் எதைத்தான் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டீஸ் ஒன்றிலேயே உங்கள் ஒரு வேளை உப்பு முடிந்துவிடும். இரண்டாவது கேட்பீர்கள், வைக்க வேண்டாம். சாஸ் பாட்டிலை உங்கள் கைக்கு எட்டாமல் வைக்கட்டும். காலை மாத்திரையை மறந்துவிடுவீர்கள். முந்தின நாளே சட்டைப் பையில் போட்டு வைத்தால் எடுப்பீர்கள். நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாலுவுக்கு நீங்கள் ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா