படகு மட்டும் போகும் ஊரில் உன் மகள்

என் செல்லச் சின்னண்ணைக்கு,

ஒன்றரை வயது மூத்தவனை 'நீங்கள்' என்று கூப்பிட, நீ உயிரோடு இருந்தபோதே எனக்கு வாய் வரவில்லை. இப்போது மட்டும் வந்துவிடுமா? 'நீ' என்றே எழுதுகிறேன். அங்கே யாராவது பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சமாளித்துக்கொள்.

உன் ஊரைப் பார்த்துவிட்டேன், அண்ணை. நாங்கள் பிறந்த குருநகரைச் சொல்லவில்லை. அங்கேதான் நான் போக ஏலாதே. நீ கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, கண்ணை மூடின ஊரைச் சொல்கிறேன். கொஸ்தாரிக்காவில், கரிபியன் கடலோரத்தில், தெருவே போகாத அந்த ஊரை. உலகத்தில் எத்தனை துறைமுகம் கிடக்கிறது! கப்பலால் இறங்கிக் குடியிருக்க உனக்குப் பஸ்ஸும் போகாத இடம்தான் கிடைத்ததா, பொல்லாதவனே?

எனக்கு அகதிகளுக்கான பயணப் புத்தகம் கிடைத்துவிட்டது. நீல நிறம். இலங்கை தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அடித்திருக்கிறார்கள். நீ பிரேமர்ஹாபனில் வாழைப்பழக் கப்பலை விட்டு இறங்கி டெலிபோன் எடுத்த நாட்கள் நினைவிருக்கிறதா? வுப்பர்டாலை விட்டு வெளியே போவதென்றால் எனக்கு அனுமதிக் கடுதாசி வேண்டும். உனக்கோ கப்பல் மறுநாளே திரும்பிவிடும். ஒரே ஜெர்மனியில் நின்றுகொண்டு டெலிபோனில் அழுதோம். "வாழைப்பழத்துக்கு ஒரு கரைச்சலும் இல்லை, நேரே உன்ர ஊர்க் கடைக்கு வரும். நான்தான் வர ஏலாது" என்று பகிடி விட்டாய். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

புத்தகம் கையில் வந்ததும் அம்மாவுக்கு எழுதினேன். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதின பதிலில் உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுது முடித்துவிட்டா போலும். "மருமகளையும் பிள்ளையையும் கண்ணால பார். அதுகள் எங்களை விட்டுப் போகாமப் பிடிச்சு வை" என்று மட்டும் எழுதியிருந்தா. என் பயமும் அதுதான். நீ இருந்தவரைக்கும் நீதான் பாலம். உன் மனுசி வெர்னாவுக்கு எங்கள் மொழி தெரியாது, எங்கள் முகம் தெரியாது. அவள் எங்களை வேண்டாம் என்று விட்டால் உன் மகள் எங்களுக்கு இல்லை. எந்த வழக்கு வைத்து, எந்த உரிமை கேட்டு நாங்கள் அந்தப் பிள்ளையை எங்கள் பிள்ளை என்பது?

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற யூட்டா தன் முதுகுப் பையைத் தந்தாள். படகில் சூட்கேஸ் கொண்டு ஏறினால் மனுசர் சிரிப்பார்கள் என்றாள். பை கிடைத்ததுதான் தாமதம், வுப்பர்டாலில் இருக்கிற எங்கள் சனம் முழுதும் வீட்டுக்கு வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே எங்கள் ஆட்களை. ஒருவர் பயணம் போகிறார் என்றால் பார்சல் தராமல் விடமாட்டார்கள். "அக்கா, அந்த மச்சாளுக்கு இதையும் குடுங்கோ." யாரென்றே தெரியாத உன் மனுசிக்கு இடித்த தூள், பருத்தித்துறை வடை, பிள்ளைக்குச் சட்டை. சான் ஹொசே விமான நிலையத்தில் அதிகாரி தூள் பையைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் "வேண்டாம், ஐயா" என்று சொல்ல முதல் இழுத்துவிட்டார். தும்மித் தும்மிக் கண் சிவந்து, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு மணக்கச் சொன்னார். அவரும் தும்மினார். பிறகு இருவரும் பையைக் கட்டி என்னிடம் தந்து, கையால் போ போ என்றார்கள்.

அங்கிருந்து லிமோனுக்குப் பஸ். முதுகில் பையோடு ஏறித் திரும்பினேன், பின்னால் இருந்த கிழவரின் தொப்பி போய்விட்டது. மலையில் முகில், ஒன்றும் தெரியவில்லை. இறங்க இறங்க வெக்கை. கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், காலுறையைக் கழற்றினேன். ஜெர்மனிக்கு வந்த பிறகு அப்படி நான் வியர்த்ததே இல்லை. பாதையின் இரண்டு பக்கமும் வாழை, கண் எட்டும் தூரத்துக்கு வாழை. குலைகளுக்கு நீலப் பிளாஸ்டிக் பை போட்டு மூடியிருந்தார்கள். நான் வுப்பர்டாலில் வாங்கித் தின்ற பழம் எதையாவது நீ ஏற்றியிருப்பாயா? பெட்டியைத் தொட்டாவது இருப்பாயா?

லிமோனுக்கு அப்பால் படகு. நீளமான மரப்படகு. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், ஒரு தையல் மெசின், அதற்கு மேல் சனம். கடலுக்குச் சமாந்தரமாகக் கால்வாயில் போகிறது. பாதி வழியில் மழை பிடித்தது. எஞ்சினில் சல்வினியா மாதிரி ஒரு நீர்ப்பாசி சுற்றி, படகு ஓரத்துக்குத் தள்ளுப்பட்டது. படகுக்காரர் பின்னால் குனிந்து பாசியை வெட்டிக்கொண்டிருக்க, ஆட்களெல்லாம் குடைக்குள் சும்மா இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. துடுப்பை எடுத்து முன்பக்கத்தைத் திருப்பி நேராக்கினேன். எங்களைப் பெற்ற ஐயா இருவரையும் வள்ளத்தில் போட்டு வளர்த்த வளர்ப்பு அப்படி.

படகுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கரையில் அவர்கள் பேசுவது ஒரு மாதிரியான இங்கிலீசு, எனக்கு விளங்கும். தமிழிலேயே உனக்கு எழுதிவிடுகிறேன்.

"பையோட வாற வெளிநாட்டு ஆக்கள் துடுப்புப் பிடிக்கிறதில்லை. நீர் ஆர்?"

"அன்ரனின்ர தங்கச்சி."

படகில் இருந்தவர்களெல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒரு மனுசி என் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி வாழையிலையில் சுற்றின சோற்றைப் பிரித்து என் மடியில் வைத்தாள். தேங்காய்ப்பால் விட்டு, அவரையோடு அவித்த சோறு. முதல் வாய் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது, நீ ஏன் அங்கேயே நின்றுவிட்டாய் என்று. மழையில் நனைந்தபடி அழுதுகொண்டே தின்றேன். நல்ல பசியும்தான்.

வெர்னா உயரம். சொன்னாய்தான், ஆனால் அவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள், கட்டில் தந்தாள், தேங்காய்ப் பாண் தந்தாள். ஆனால் முகம் திறக்கவில்லை. உன்னைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல், மரச் சிலுவை, சுற்றிவரச் சிப்பி. மெழுகுதிரி கொளுத்தினேன், காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினேன், திரும்பவும் அணைத்தது. "போதும் விடும், இந்தக் காத்தோட அவரே சண்டை பிடிச்சுக் களைச்சுப் போனார்" என்றாள். அன்றுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

உன் திரேசா! அம்மாவின் பேரையும் வைத்து, அம்மாவின் நெற்றியையும் ஒட்டி வைத்திருக்கிறாய். ஐந்து வயதுக்கு என்ன வாய்! என் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஆமை பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டாள். அந்தக் கரையில் ஆமை முட்டையிட வருமாம். இல்லை, உன்னைப் பார்க்க என்றேன். நம்பவில்லை. "பை போட்டுக்கொண்டு வாற ஆக்கள் ஆமை பாப்பினம், என்னைப் படம் எடுப்பினம், போவினம். பிறகு வரமாட்டினம்." யாரோ சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கண்ணால் கண்டது.

நின்ற நாளெல்லாம் அவளோடு மணலில் வீடு கட்டினேன், மீன் வெட்டினேன், நண்டு பிடித்தேன். மாமி என்று கூப்பிடப் பழக்கினேன். ஆனால் வெர்னாவிடம், பிள்ளையை எங்கள் பிள்ளையாகவும் வளர்ப்பாயா, எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அனுப்புவாயா என்று கேட்டபோது, "பாப்பம்" என்றாள். அவ்வளவுதான். "அவர் செத்தபிறகு கப்பலால கொஞ்சப்பேர் வந்தவை. அழுதவை. திரும்பி வருவம் எண்டவை. ஒருத்தரும் வரேல்லை" என்றாள். நான் என்ன சொல்லி நம்ப வைப்பது? வார்த்தையை அவள் ஏற்கனவே நிறையக் கேட்டிருக்கிறாளே.

திரும்புகிற நாள் வந்தது. படகு விடியவே வெளிக்கிடும். வெர்னா கோப்பி தந்தாள், குடித்தேன். திரேசா நித்திரை. பையைத் தூக்கினேன், வாசலைத் தாண்டினேன், ஒரு சொல் சொல்லாமல், திரும்பிப் பாராமல் நடந்தேன். உனக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செத்தவீட்டுக்குப் போனால் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது என்று நாங்கள் நடக்கத் தொடங்கின நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். நீ போனபிறகு அந்த வீட்டுக்கு நான் முதன்முதல் போன பயணம் அது. மரியாதை என்று நினைத்துத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

படகில் ஏறி இருந்துவிட்டேன். எஞ்சினும் இழுத்தாயிற்று. பார்த்தால் திரேசா இரவுச் சட்டையோடு வெறுங்காலில் ஓடி வருகிறாள். இறங்குதுறையின் நுனியில் வந்து நின்றாள். கூப்பிடவில்லை, அழவில்லை, என்னையே பார்த்தாள். பின்னால் வெர்னா, முகம் முழுக்கக் கோபம்.

"என்ன மனிசர் நீங்கள்? பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லாமப் போறீர்? அவர் ஒவ்வொருக்காக் கப்பலுக்குப் போகேக்கையும் வாசலில நிண்டு இவளுக்கு உங்கட பாசையில சொல்லிப்போட்டுத்தான் போவார். கடைசியா ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகேக்க அவருக்கு நினைவில்லை. சொல்லேல்லை. இப்ப இவள் கேக்கிறாள், மாமியும் சாகப்போறாவோ எண்டு."

அண்ணை, நான் படகிலேயே எழும்பி நின்றேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எங்கள் வழக்கத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். செத்தவீடு, சொல்லக்கூடாது, மரியாதை. படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது அந்த இடத்துக்கு ஒட்டாத கதையாகத் தெரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஓடித் திரிகிற வீட்டை நான் எப்படிச் செத்தவீடு என்று நினைத்தேன்?

இறங்கினேன். திரேசாவைத் தூக்கினேன். வீடு வரைக்கும் திரும்பி நடந்தேன். நீ நின்ற வாசலில் அவளை இறக்கி நிறுத்தி, எதிரே நின்று, அம்மா கேட்டால் தலையில் குட்டுகிற அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"போயிட்டு வாறன், திரேசா."

அவள் யோசிக்கவேயில்லை. தமிழில், உன் குரலின் அதே இழுவையோடு சொன்னாள்.

"ஓம், வாங்கோ."

வெர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதது எனக்குத் தெரியக்கூடாது என்று மூக்கைத் துடைத்தாள். "எப்ப?" என்று கேட்டாள். வாற வருசம் என்றேன். "மழை தொடங்க முதல் வாரும். பிள்ளையும் பள்ளிக்கூடம் தொடங்கியிருப்பாள். அப்பான்ர ஆக்கள் வருகினம் எண்டு ரீச்சருக்குச் சொல்லி வைக்கிறன்."

அப்பாவின் ஆட்கள்! கேட்டாயா, அண்ணை? அவள் வாயால் வந்தது.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். இங்கே எனக்கு முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்குகிறது, லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான். உன் மகளுக்கு வாறன் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன், ஒவ்வொரு முறையும் வருவேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி,
திரேசாவின் மாமி,
ரெஜி