பொழுது சாய்வதற்குள் வண்டி வர வேண்டும்

செஞ்சி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அனந்திக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பகவானிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், ஆனால் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. உடம்புக்குச் சௌக்கியம்தான், மனசுக்கு ஒருத்தருக்கும் இல்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். வீட்டுப் போன் உன் நைனாவின் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை, நான் பேச வாங்கினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால் எழுதி, பக்கத்து வீட்டில் துணி தைக்கிறாளே கலைவாணி, அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கடிதம் வந்தது என்று நைனாவிடம் வாய் விட்டுவிடாதே.

பிக்கப் வண்டி இன்னும் சரியாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாயே, வண்டி எப்போது நடுங்குகிறது, லோடு இருக்கும்போதா இல்லாதபோதா, மேட்டிலா சமதரையிலா, டேங்கில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று, எல்லாவற்றுக்கும் நைனாவே முந்திக்கொண்டு, "எல்லாம் உன் தம்பி கால்லதான் இருக்குது, கிளட்ச்சு மேல கால வச்சிக்கினே ஓட்டறான்" என்று ஒரே பதிலில் முடித்துவிட்டார். நீயும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை. ஆனால் உன் தம்பி அருகன் அப்போது அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான், அவன் முகத்தை நீ பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். அதனால் நீ கேட்டதற்கெல்லாம் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், கவனமாகப் படி.

மேல்சித்தாமூர் கோயிலுக்கு என்று சொல்லி நானே அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனேன். பகவான் மன்னிக்கட்டும், சாமிக்காகப் போகவில்லை, அவன் காலைப் பார்க்கத்தான் போனேன். போகும்போது காலி வண்டி, ஒரு தொந்தரவும் இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போது வல்லத்தில் எண்ணெய் ஆட்டுகிற மல்லாட்டை மூட்டை ஏற்றினோம். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் வந்தது, மேடு வந்ததும் உடம்பெல்லாம் உதறல். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை, சளி பிடித்தவன் மாதிரி இருமி இருமி, திடீரென்று ஒரு குதி குதித்து, மறுபடி இருமல். அவன் கால் கிளட்ச் பக்கமே போகவில்லை அனந்தி, நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது, கொஞ்ச தூரம் போய் மறுபடி அதே கூத்து. இதை வந்து சொன்னதற்கு, "உனக்கு இன்னாடி தெரியும் வண்டியப் பத்தி, புள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்துட்ட" என்று நைனா என் வாயை அடைத்துவிட்டார்.

மெக்கானிக் சுந்தரமூர்த்தியும் பாவம், என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று, எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மாற்றியாயிற்று, டீசல் பில்டர் மாற்றியாயிற்று. பழைய பில்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே அழுக்கே இல்லை. நைனாவுக்கு அதில் ஒரே பெருமை, "நான் வடிகட்டி ஊத்தறப்ப அழுக்கு எங்கேர்ந்து வரும்" என்று பட்டறையில் எல்லோரிடமும் காட்டினார். ஓட்டிப் பார்க்கும்போது சுந்தரமூர்த்தி காலி வண்டியைத்தான் பஸ் ஸ்டாண்டு வரை எடுத்துக்கொண்டு போய் வருகிறார், அதுவும் அவரிடம் பரம சாதுவாக நடந்துகொள்கிறது. உடனே நைனா திரும்பி அருகனை ஒரு பார்வை பார்க்கிறார் பார், அதை என்னால் தாங்கவே முடியவில்லை. அப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசியே ரொம்ப நாளாகிறது. உன் பிள்ளையிடம் சொல், நைனாவிடம் சொல் என்று நடுவில் நான்தான் தபால்காரி.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பைபாஸ் ரோட்டைக் குறுக்கே தாண்டும்போது வண்டி லோடோடு நடு ரோட்டில் இருமி நின்றுவிட்டிருக்கிறது. பக்கவாட்டில் வந்த பஸ் இடிக்கிற மாதிரி வந்து பிரேக் போட்டு நின்றதாம். டிரைவர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினாராம், திட்டட்டும், அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். இதை அருகன் நைனா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னான். நைனாவிடம் சொல்லாதே, அதையும் என் தலையில்தான் கட்டுவார் என்றான். எனக்குப் பயமாக இருக்கிறது அனந்தி. அடுத்த தடவை அந்த பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வேன்? வண்டியை எடுக்காதே என்று அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நான் எடுக்கலன்னா தப்பு என்மேலதான்னு ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் திருவண்ணாமலை எண்ணெய் மில்லுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். கலைவாணி போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

அவன் கிளம்பிவிட்டால் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சூரியனைத்தான் பார்க்கிறேன். பொழுது சாய்ந்தபின் ஜைன வீட்டில் சாப்பாடு கிடையாது என்பதை உனக்கு எழுத வேண்டியதில்லை. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் அருகன் இதில் விட்டுக்கொடுக்க மாட்டான். வண்டி வழியில் படுத்துக்கொண்டால் இருட்டிய பிறகு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, பட்டினியாகச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறான். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிற்று. நைனாவுக்குத் தட்டு வைத்தால் பசியில்லை என்கிறார், ஏன் பசியில்லை என்று கேட்டால் எரிந்து விழுகிறார். அவரும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டும் ஒரே மண்ணில் பிடித்து வைத்தது.

டேங்கில் என்ன ஊற்றுகிறோம் என்று கேட்டாய். அந்தப் புயல் வெள்ளத்துக்குப் பிறகு டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நைனாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கேனில் வாங்கி வந்து, தெளியவைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறார். இதுவரை எழுதிவிட்டுச் சமையலுக்குத் தண்ணீர் வடிகட்ட எழுந்து போனேன். குடத்தின் வாயில் துணியைக் கட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. இது புதுத் துணி. பழைய துணி நைந்து இழை இழையாகத் தண்ணீரில் விழுகிறது, குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது என்று நானேதான் கழித்துப் போட்டேன். அதைத்தான் நைனா டீசலுக்கு எடுத்துக்கொண்டார். ஓடிப்போய்க் கொட்டகையில் ஆணியில் தொங்கியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், நடுவில் கொசுவலையாக இருக்கிறது. கேன் வாயிலும் புனலிலும் நூல் பிசிறு. போன இழையெல்லாம் எங்கே போயிருக்கும், டேங்குக்குள்தானே? நம் கிணற்று மோட்டார் ஓடும்போது, தண்ணீர் இழுக்கிற குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் பாசி வந்து அப்பிக்கொள்ளும், தண்ணீர் விட்டு விட்டு வரும், மோட்டாரை நிறுத்தினால் பாசி விலகிவிடும், மறுபடி போட்டால் மறுபடி ஒட்டும். டேங்கிலிருந்து டீசல் இழுக்கிற குழாயின் வாயில் சல்லடை ஒன்று இருக்குமாமே, அங்கே இந்த இழை அப்படித்தான் ஒட்டி ஒட்டி விலகுகிறதா? லோடு இருந்தால் நிறைய டீசல் இழுக்கும், அதனால்தான் அப்போது மட்டும் மூச்சு முட்டுகிறதா? பில்டர் வரைக்கும் அழுக்கு வராததும் அதனால்தானா?

நான் சொல்வது தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் இப்போதே கேள், சரியென்றால் இன்றைக்கே நைனாவைக் கூப்பிட்டு டேங்கை இறக்கிக் கழுவச் சொல். நான் சொன்னால் அடுத்த சண்டை. நீ அந்த வண்டிக் கம்பெனியில் சீட் தைக்கிற பிரிவில் இருந்தாலும் அவருக்கு நீ எஞ்சினையே கண்டுபிடித்தவள். வடிகட்டியது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே அனந்தி. பிள்ளை வழியில் நிற்கக் கூடாது என்றுதான் அந்த மனுஷன் வெயிலில் குந்திக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடிகட்டினார். அதுதான் அவனை நடு ரோட்டில் நிறுத்தியது என்று தெரிந்தால் உடைந்துபோவார். துணி பழசு, அம்மா போட்டு வைத்தது என்று சொல், பழி என்மேல் இருக்கட்டும். ஆனால் அருகன் காலில் ஒரு குற்றமும் இல்லை என்பதை அவன் வீட்டில் இருக்கும்போது, அவன் காதில் விழுகிற மாதிரிச் சொல். அந்த ஸ்பீக்கர் இதற்காவது உதவட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறை. பகவான் அருளால் நீ நீண்ட ஆயுசோடு, மனசில் ஒரு பாரமும் இல்லாமல் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இன்றைக்கே கூப்பிடு, நாளைக்கு என்று தள்ளிப்போடாதே, நாளைக்கும் அவனுக்கு லோடு இருக்கிறது.

கலைவாணி போனோடு வந்து நிற்கிறாள். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் பாதி இறங்கிவிட்டது. நைனா தெருமுனை வரை போய்த் திருவண்ணாமலை ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார், இப்போது மறுபடி போகிறார். பொழுது போய்விடும், நீங்களாவது சாப்பிடுங்கள் என்றேன், திரும்பாமலே கையை ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டு தட்டும் கழுவி வைத்தபடியே இருக்கின்றன.

உன் அம்மா